நம் எம்.எல்.ஏ.வின் மூன்று ஏடுகள்

நம் சங்க அங்கத்தினர்கள் பாலக்காட்டிலும் இருக்கிறோம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறோம். எங்கிருந்தாலும் நம் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. உண்டு. அவர் எப்படிப்பட்டவர், தேர்தலில் எவ்வளவு செலவழித்தார், சபையில் என்ன செய்தார் என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். மூன்றுக்கும் தனித்தனி ஏடுகள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் வந்தவை அல்ல. அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூன்றில் பழையது செலவுக் கணக்கு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வேட்பாளரும் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. பணியில் இருந்த காலத்தில் தேர்தல் வேலையாக இத்தகைய கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருக்கும். கணக்கோ உச்சவரம்புக்குள் அடக்கமாக நிற்கும்.

கட்சி செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேருமா என்ற கேள்வி எழுந்தது. வேட்பாளருக்குத் தெரிந்து, அவர் ஆட்சேபிக்காமல் கட்சி செய்த செலவும் சேரும் என்று 1974 அக்டோபர் 3 அன்று, கன்வர் லால் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அவசரச் சட்டம் வந்து தீர்ப்பைச் செல்லாமல் செய்துவிட்டது. ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, 2003-இல்தான் அந்த ஓட்டை பெருமளவு அடைபட்டது. அப்போதும் கட்சித் தலைவர்களின் பிரசாரப் பயணச் செலவுக்கு விலக்கு கிடைத்தது. 2022 முதல் பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கான வரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சிகளின் செலவுக்கோ இன்றுவரை வரம்பு கிடையாது. கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018-இல் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது.

இந்தக் கணக்கு ஏட்டுக்கு உயிர் கொடுத்தவர், 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன். நம் பாலக்காட்டுக்காரர், பௌதிகம் படித்தவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அவர் புதிய சட்டம் எதையும் கேட்டுக் காத்திருக்கவில்லை. இருந்த சட்டத்தைப் பிரயோகித்தார். கணக்குக் கொடுக்காத ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் மூன்று வருஷத்துக்குத் தகுதி இழந்தார்கள்.

இரண்டாவது ஏடு, வேட்பாளரின் பின்னணி. இதை அரசியல்வாதிகள் மனமுவந்து தரவில்லை. ஆமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார்கள். அது சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2 அன்று தீர்ப்பாயிற்று. இதற்கும் முட்டுக்கட்டையாக ஒரு சட்டம் வந்தது. 2003 மார்ச்சில் கோர்ட் அதைத் தள்ளியது. சொத்து இருப்பதைச் சொன்னால் போதாது, வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு 2018-இல் வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தது லக்னோவின் 'லோக் பிரஹரி' அமைப்பு. அதை முன்னின்று நடத்தியவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.என். சுக்லா. பென்ஷன் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஏடு சபைப் பணி. என் பார்வையில் இதுவே முக்கியமானது. இதைத்தான் யாரும் புரட்டுவதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். வி.எஸ். பாகே 1960 முதல் 1978 வரை மகாராஷ்டிர மேல்சபைத் தலைவராக இருந்தவர், சாங்லி மாவட்டத்துக்காரர். வேலை கேட்கும் கிராமத்து ஏழைக்கு அரசு வேலை தந்தே தீர வேண்டும் என்பது அவர் யோசனை. 1965-இல் தம் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு சோதனை நடந்தது. 1972 பஞ்சத்தின்போது அது மாநிலம் முழுவதும் பரவியது. அதற்குப் பணம் திரட்ட 1975-இல் தொழில் வரி விதித்தார்கள். பட்டணத்தில் சம்பளம் வாங்கியவர்களிடம் வசூலித்து கிராமத்துக் கூலிக்குக் கொடுத்தார்கள். 1977-இல் சட்டம் நிறைவேறி, 1979 குடியரசு தினத்தில் அமலுக்கு வந்தது. 2005-இல் பாராளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. ஒரு மாநிலச் சபை உறுப்பினரின் யோசனை நாடு முழுவதற்கும் சோறு போட்டது. சொத்துப் பட்டியலிலோ செலவுக் கணக்கிலோ இது தெரியாது.

இன்று பாகேயைப் போல ஒருவர் வந்தாலும் அவருக்கு இடம் குறைவு. பெரிய மாநிலச் சபைகள் வருஷத்தில் 90 நாளாவது கூட வேண்டும் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சாசன ஆய்வுக் குழு 2002-இல் சொன்னது. பல சபைகள் 30 நாள்கூடக் கூடுவதில்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவியே போகலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பதிவும் இருப்பதில்லை.

ஆனாலும் கேள்வி கேட்கவும், விவாதத்தில் பேசவும், தனிநபர் மசோதா கொண்டு வரவும் எந்த உறுப்பினருக்கும் தடையில்லை. அவை சபைக் குறிப்பில் பதிவாகின்றன. அரசியல் நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிப் பழகிவிட்டோம். தேர்தலுக்குத் தேர்தல் ஜாதியையும் சின்னத்தையும் பார்த்து முடிவு செய்கிறோம், பிறகு ஐந்து வருஷம் குறை சொல்கிறோம். வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. செலவுக் கணக்கை ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் பார்வையிடலாம் என்று விதி சொல்கிறது. சபையில் அவர் கேட்ட கேள்விகளின் பட்டியலை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சட்டமன்றச் செயலகத்திடம் கேட்டு வாங்கலாம்.

ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் ஓய்வுபெற்ற இருவர் சேர்ந்து, தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த மூன்றையும் திரட்டினால் நான்கு பக்கத்துக்கு மேல் வராது. கட்சி பேதம் பாராமல், பாராட்டோ வசையோ சேர்க்காமல் அப்படியே அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாம். அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு கிளையாவது இதைச் செய்தால் நன்றாயிருக்கும்.