வைத்தியர் கேட்ட கேள்வி

சரித்திரத்தில் யுத்தங்களைவிடச் சின்னச் சம்பவங்களே என் மனசில் தங்குகின்றன. அதில் ஒன்று, இத்தாலியில் மோடெனா நகரத்தில் நடந்தது.

பெர்னார்டினோ ராமஸ்ஸீனி என்ற வைத்தியரின் வீட்டு மலக்குழியில் ஒருவன் அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தான். ஏன் இந்த அவசரம் என்று விசாரித்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றான். பார்த்தார், கண்கள் சிவந்து மங்கியிருந்தன. இதற்கு மருந்து? இருட்டறையில் அடைந்துகொண்டு, வெதுவெதுப்பான நீரால் கண்ணைக் கழுவுவதுதான். அதே தொழிலில் பார்வை இழந்தவர்கள் ஊரில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1700-ல் ராமஸ்ஸீனி தொழில் நோய்களைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் ‘என்ன தொழில்?’ என்றும் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னார். குழிக்காரர்களின் பையிலிருந்த செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப்போவதைக் கண்டு, அமில ஆவிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று ஊகித்தார். அது ஹைட்ரஜன் சல்பைடு என்று இன்று நமக்குத் தெரியும்.

தொழிற்சாலையில் அமிலமோ காரமோ கண்ணில் தெறித்தால், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. தண்ணீரின் அருமை அந்தக் குழிக்காரனுக்கு அன்றே தெரிந்திருந்தது. வைத்தியரின் பெருமை, அவனிடம் கேட்டதுதான். புத்தகத்தில் அவன் பெயர் மட்டும் இல்லை.