குறுக்கே புகுந்து அடிக்கலாமா? – ஒரு ரூல் சண்டையின் வரலாறு

பாப்பாவோட மந்திரவாதி செத்துப்போய் மூணு வாரம் ஆகுது. கொன்னது நான்தான்.

பதறாதீங்க மக்கா, விளையாட்டுலதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, மேசையைச் சுத்தி உக்காந்து கதை சொல்லிக்கிட்டே பகடை உருட்டற சமாச்சாரம். கதை நடத்தற டன்ஜன் மாஸ்டர் அடியேன். ஆபீஸ் சீனியர் அண்ணன் ஒருத்தர் வாள்வீரன். ஏழாவது படிக்கிற அவர் பொண்ணு மந்திரவாதி. அண்ணனை ஒட்டி நின்ன ஒரு காப்ளின் (குட்டிப்பூதம்னு வச்சுக்கோங்க) வில்லை எடுத்து மந்திரவாதியைக் குறி பாத்துச்சு.

"டேய், என் மூக்குக்கு முன்னாடி வில்லை எடுத்தா நான் வேடிக்கை பாப்பேனா? அம்பு கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு அடி உண்டு"ன்னார் அண்ணன்.

"ரூல்ல இல்லண்ணா"ன்னேன்.

உருட்டினேன். 18. மந்திரவாதி விழுந்தாச்சு. பிழைக்கறதுக்குப் பாப்பா போட்ட உருட்டல் மூணும் ஊத்திக்கிச்சு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் வரலை.

நான் சொன்னது சரிதானேன்னு பழைய புத்தகங்களைக் கிளற ஆரம்பிச்சேன். அங்கதான் இந்தச் சண்டை என்னைவிட வயசுல மூத்ததுன்னு தெரிஞ்சுது.

அடிப்படைப் பிரச்சனை இதுதான். கதையில எல்லாரும் ஒரே நேரத்துல அடிச்சுக்கறாங்க. மேசையில ஒருத்தர் முடிச்சப்புறம்தான் அடுத்தவர். ஒரே பிராசசர்ல நூறு வேலை ஓடற மாதிரி காட்டறோமே, அதே பித்தலாட்டம். அதனால நடுவுல நிறுத்தி உள்ள புகறதுக்கு ஒரு வழி வேணும். யார் புகலாம், எப்ப புகலாம்ங்கறதுதான் ஐம்பது வருஷச் சண்டை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல இந்த விளையாட்டை வெளியிட்டாங்க. 1979-ல கைகாக்ஸ் எழுதின டன்ஜன் மாஸ்டர் கைடுல ஒரு சுற்று 1 நிமிஷம். அதை 6 வினாடியா 10 துண்டு போட்டிருக்கார். ஒவ்வொரு மந்திரத்துக்கும் இத்தனை துண்டுன்னு கணக்கு. சொல்லி முடிக்கறதுக்குள்ள அடி விழுந்தா மந்திரம் புஸ்ஸ்! திரும்பி ஓடினா எதிராளிக்கு முதுகுல ஒரு இலவச அடி. யோசனை பிரமாதம்தான், ஆனா அந்தப் பக்கங்களைப் படிச்சா டாக்குமென்டேஷனே இல்லாத பழைய கோடைப் படிக்கிற ஃபீலிங்.

1997-ல விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி இந்த விளையாட்டை வாங்குச்சு. அவங்களோட மேஜிக் சீட்டு விளையாட்டுலயும் இதே தலைவலி. 1993-லயே 'இன்டரப்ட்'னு தனி வகைச் சீட்டு இருந்துச்சு. 1999-ல அந்த வகையைத் தூக்கிட்டு, கடைசியா போட்டது முதல்ல நடக்கும்னு 'ஸ்டாக்' கொண்டு வந்தாங்க. ஆமா, நாம செகண்ட் இயர்ல படிச்ச அதே ஸ்டாக்!

2000-ல டி அண்ட் டி மூன்றாம் பதிப்பு. 'அட்டாக் ஆஃப் ஆப்பர்சுனிட்டி' அதுக்கு முன்னாடி 1995-லயே ஒரு துணைப் புத்தகத்துல தலை காட்டியிருந்தாலும், மைய விதிக்குள்ள வந்தது இதுலதான். எதிராளி பக்கத்துல நிக்கும்போது எதையெல்லாம் செஞ்சா அடி விழும்னு ஒரு பட்டியலே உண்டு. மந்திரம் சொன்னா, மருந்து குடிச்சா... வில் விட்டாலும்! செயல் பாதியில நிக்கும், அடி முதல்ல விழும், ஆள் மிச்சமிருந்தா செயல் தொடரும். 2003-ல வந்த 3.5 திருத்தப் பதிப்புலயும் இதேதான்.

அண்ணன் காலேஜ் ஹாஸ்டல்ல விளையாடினது 3.5. அவர் கேட்டது அழும்பு இல்லை. அவர் புத்தகப்படி அது அவரோட உரிமை.

2008-ல நாலாம் பதிப்பு, குறுக்கீட்டை ரெண்டா பிரிச்சது. 'இன்டரப்ட்' தூண்டின செயலுக்கு முன்னாடி நடக்கும், 'ரியாக்‌ஷன்' அதுக்கு அப்புறம். தெளிவோ தெளிவு. ஆனா சுத்தி இருக்கிற எல்லாரும் குறுக்கே புகுந்தா ஒரு சண்டை முடியறதுக்குள்ள டீ ஆறிடும்.

2014-ல ஐந்தாம் பதிப்பு பட்டியலைக் கிழிச்சுப் போட்டுச்சு. உங்க அடுத்த முறை வர்ற வரைக்கும் ஒரே ஒரு ரியாக்‌ஷன். எதிராளி உங்க கைக்கு எட்டற தூரத்தை விட்டு நகரும்போதுதான் அந்த இலவச அடி. வில் எடுத்தா கிடையாது. அதாவது, ஜெயிச்சது நான்!

அப்படின்னு நினைச்சுக்கிட்டே பக்கத்தைத் திருப்பினா, பகீர்னுச்சு. எதிராளி 5 அடிக்குள்ள நிக்கும்போது வில் விட்டா பகடையை ரெண்டு தடவை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுக்கணும். நான் உருட்டினது ஒரே தடவை. பழைய பட்டியலைக் கிழிச்சவங்க அண்ணனோட நியாயத்தைக் கிழிக்கலை, அதை வேற வடிவத்துல வச்சிருக்காங்க. புத்தகத்தைக் காட்டி வாயடைச்ச நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கலை.

போன ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கே போனேன். புத்தகத்தைப் பிரிச்சு வச்சு, "தப்பு என் மேலதாண்ணா"ன்னேன். அண்ணன் ஒண்ணும் சொல்லலை. பாப்பாதான் பகடையை எடுத்துக் கையில குடுத்தா. "அந்த ரெண்டாவது தடவையை இப்ப போடுங்க சித்தப்பா."

போட்டேன். 17. அப்பவும் அம்பு பட்டுத்தான் இருக்கும்.

பாப்பா கொஞ்ச நேரம் பகடையையே பாத்துக்கிட்டு இருந்தா. "சரி, இப்ப ஒத்துக்கறேன்"னு சொல்லிட்டு, புது மந்திரவாதிக்குப் பேர் யோசிக்கப் போயிட்டா.

டிஸ்கி: வர்ற சனிக்கிழமை எங்க வீட்ல ஆட்டம். அண்ணன் தன்னோட பழைய 3.5 புத்தகத்தையும் தூக்கிட்டு வர்றாராம். கடவுளே!