கல்லூரிக்குள் தமிழ் நுழைந்த வரலாறு

யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது மரபு. அவை இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. நம் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளுக்குத் துணைநின்ற ஒரு முயற்சியைப் பற்றி நாம் இங்கு எழுத விழைகிறோம். அது தொடங்கிய இடம் நமது கோவை என்பதைப் பங்கு மக்களில் பலர் அறியார்.

எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் பயின்று தேறிய மாணவன், கல்லூரியில் கால் வைத்ததும் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருந்த காலம் அது. நூல்நிலையத்தில் அடுக்கியிருந்தவையும் ஆங்கில நூல்களே. சூலூர், அவிநாசி, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த உழவர், நெசவாளர், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அறிவில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆயினும் ஆசிரியர் சொல்லும் குறிப்பை எழுதி, நெட்டுருப் போட்டு, தேர்வுத் தாளில் இறக்கி வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. விடுதியும் உதவித்தொகையும் கிடைத்தவனுக்கும் இந்தச் சுவர் இருக்கத்தான் செய்தது.

1852-இல் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கோவை அரசினர் கலைக் கல்லூரியில், 1960-ஆம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் கலைப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி சோதனையாகத் தொடங்கப்பெற்றது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிச் சீமையைச் சேர்ந்த திரு. சி. சுப்பிரமணியம் அவர்கள்.

வெறும் ஆணையால் நடந்த காரியம் அன்று இது. நம் கொங்கு மண் அதற்கு முன்பே பண்பட்டிருந்தது. கல்வி அமைச்சராக விளங்கிய திரு. தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் அவர்கள் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பகுதியில் பிறந்தவர். 1954-இல் முதல் தொகுதியும் 1968-இல் பத்தாம் தொகுதியும் வந்தன. பதினான்கு ஆண்டு உழைப்பு! திரு. ஜி. ஆர். தாமோதரன் அவர்கள் 1940-களின் இறுதியில் கோவையிலிருந்து தொடங்கிய 'கலைக்கதிர்' இதழோ, அறிவியலை மாதந்தோறும் எளிய தமிழில் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. சதுரகராதியை 1732-இல் தந்த நம் வீரமாமுனிவரையும், 1864 முதல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிரீனையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடல் கடந்து வந்தவர்களுக்கு இருந்த துணிவு நம்மவருக்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது.

வகுப்பு தொடங்கினால் போதுமா? புத்தகம் வேண்டாமா? இதற்கெனவே அரசு தமிழ் வெளியீட்டுக் கழகத்தை அமைத்தது. பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அப்பணியை ஏற்றது. கல்லூரி ஆசிரியர்களே இரவு விழித்து எழுதியும் மொழிபெயர்த்தும் தந்தார்கள். பணவீக்கம், கூட்டாட்சி போன்ற சொற்கள் இன்று டீக்கடையிலும் புழங்குகின்றன என்றால், அந்த வகுப்பறைகளுக்கும் அதில் பங்குண்டு. 1968-இல் புகுமுக வகுப்பிலும், 1969 முதல் பட்ட வகுப்புகளிலும் அறிவியல் பாடங்கள் தமிழில் வந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழி ஆக வேண்டும் என்று 1968 ஜனவரியில் சட்டமன்றம் தீர்மானித்திருந்தது.

அவ்வாறு நடக்கவில்லை. 1970-இல் மாணவரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா, மேற்படிப்புக்கு வெளிமாநிலம் செல்ல இயலுமா என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாம் பழிக்க மாட்டோம். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த தந்தைக்கு மொழிப் பற்றைவிட மகனுடைய பிழைப்பே பெரிது. தமிழ்வழி விரும்பியோர்க்கு மட்டும் என்றாயிற்று. நூல்களிலும் குறை இருந்தது. சில, ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ் உடை மாட்டிவிட்டாற்போல் கரடுமுரடாக இருந்தன. பாடத்திட்டம் மாறியபோது பல நூல்கள் மறுபதிப்புக் காணாமல் நின்றுபோயின. பிழைப்புக்கு வழி செய்யாமல் புத்தகத்தை மட்டும் தந்ததே பெருங்குறை என்பது நம் கருத்து. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல்தான் வந்தது. கோவையில் அந்த முதல் வகுப்பு தொடங்கி அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது! அதே 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தொடங்கியது.

அந்தப் பழைய கல்லூரி நூல்களை இப்போது பாடநூல் கழகம் தேடி எடுத்து, மின்னூலாக்கியும் மறுபதிப்புச் செய்தும் வருகிறது. நம் பங்கு இல்லங்களிலும் பரண்மேல் அத்தகைய நூல்கள் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். பழைய தாள் வியாபாரிக்குப் போடுமுன் அவற்றைத் தனியே எடுத்து வைத்துப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தால், இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துள்ள நம் பிள்ளைகள் புரட்டிப் பார்க்க உதவும்.