வலப்பனைத் தானியவரியும் அரச ஏடுகளும்

அரசின் பிழைக்கு அரசின் ஏடே சான்று பகர்ந்த நிகழ்ச்சிகள் இலங்கை வரலாற்றில் மிகுதியாக இல்லை. அவற்றுள் ஒன்று வலப்பனையில் நிகழ்ந்தது.

1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெல்வரியைப் பணமாகவே இறுக்கவேண்டிய கடனாக மாற்றிற்று. அதனையடுத்த ஆண்டுகளில் கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தது. அதனால் நொடித்தவர் தோட்டத்துரைமார் மட்டுமல்லர். வீட்டுத்தோட்டக் கோப்பியை விற்றே காசு கண்ட சிங்களக் கிராமத்தவரும் வறியவராயினர். வரி நிலுவைக்காக அவர்தம் வயல்கள் ஏலத்திற் சென்றன. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர், வலப்பனையில் வயலிழந்தோரைக் கணக்கெடுத்தார். ஊரைவிட்டு நீங்கியோரையும் பட்டினியால் மாண்டோரையும் அறிக்கையிற் குறித்தார். (பிற்காலத்தில் அரசாங்கத்தோடு காணி வழக்குகளில் மோதிய இவரைப் புனிதராகக் கொள்ளவேண்டியதில்லை, எண்ணிக்கையை மறைக்காததே அவர் செய்த பணி.) தேசாதிபதி ஆதர் கோர்டனின் நிருவாகம் இதனை ஏற்கத் தயங்கியது. ஆயினும் கொழும்பில் ஜோர்ஜ் வோலும் இங்கிலாந்தில் கொப்டன் கழகத்தாரும் அவ்வறிக்கையை எடுத்து வாதாடினர். 1892இல் தானியவரியை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஒழிப்புக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், அதிகாரியின் கணக்கு வெளிவந்திராவிடில் வாதம் இத்துணை வலுப்பெற்றிராது.

ஆனால் வயலிழந்த எந்தக் கிராமத்தவனுக்கும் அவ்வேட்டைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கவில்லை. அது வெளிப்பட்டமை ஓர் அதிகாரியின் மனப்பாங்கைப் பொறுத்ததாயிற்று.

அதே மலைகளில் வாழ்ந்த தோட்டத் தமிழருக்கு ஏடு வேறொரு முகத்தைக் காட்டிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமோ, 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ந்து பத்தாண்டு, மணமானவராயின் ஏழாண்டு, இங்கு வதிந்தமைக்குச் சான்று கேட்டது. கேட்கப்பட்டவர் லயன் அறையில் வாழ்ந்த தொழிலாளர். அவர் பெயரைத் தாங்கிய செக்றோலோ துரையின் கந்தோரில் இருந்தது. அரசு மக்களிடம் ஆவணம் கேட்கலாம், மக்கள் அரசிடம் கேட்கலாகாது என்னும் நிலை இதனினும் தெளிவாக வேறெங்கும் புலப்படுவதில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. கேட்பவர் காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்டால் அதனை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை. பதினான்கு வேலைநாட்களுள் முடிவு அறிவிக்கப்படவேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. தோட்டங்கள் பலவற்றின் நிலம் இன்றும் அரச நிறுவனங்களுக்கே உரியது; கம்பனிகள் குத்தகைக்காரரே. ஆகவே குத்தகை நிபந்தனைகளையும் வீடமைப்புக்கு ஒதுக்கிய பணத்தையும் பற்றிய ஏடுகள் கேட்கத்தக்கனவே.

எனினும் இச்சட்டம் உரிமையைக் ‘குடிமக’னுக்கே வழங்குகிறது. மலையகத்தில் எஞ்சிய நாடற்றோருக்கு அப்பெயர் கிட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயாம். தகவற் சட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் மட்டுமே முந்தியது அது.