காயமில்லாப் பட்டை: கிந்தா தோட்டங்களின் பால்வெட்டுத் திறன்

மலேசியாவின் பேரா மாநிலத்துக் காம்பாரின் வரலாறு பெரும்பாலும் ஈயச் சுரங்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளதால், அது அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டங்களில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிய தமிழர்களின் தொழில்திறன் அதில் ஓரமாகவே நிற்கிறது. பேரா மண்ணில் இம்மரம் 1877இல் கோலக்கங்சாரில் நடப்பட்டது. ஆயினும் மரத்தைக் கெடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பாலெடுக்கும் முறை, 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லியின் சோதனைகளால்தான் நிலைபெற்றது. புதுப்புதுக் காயங்கள் உண்டாக்காமல், ஒரே வெட்டின் கீழ்விளிம்பை மெல்லிதாகச் சீவிக்கொண்டே போவதுதான் அம்முறை.

பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், கேம்பியம் எனப்படும் வளர்படலத்தை ஒட்டியே மிகுந்திருப்பதால், வெட்டு மேலோட்டமாக நின்றால் பால் குறையும். வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பின்னாளில் அவ்விடத்தில் கத்தி ஓடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் எஞ்சும்படி கையை நிறுத்த வேண்டிய இவ்வேலை, மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில், பலவேளை தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அடுத்தடுத்து நடந்தது. குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், அவற்றுள் மிகுதியானவை அறுபடும்படி வெட்டு இடமேலிருந்து வலக்கீழாக இறங்கியது. சீவல் தடித்தால் பட்டை விரைவில் தீரும். தீர்ந்த இடம் மீண்டும் வெட்டுக்கு ஆகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பெண்கள் பெருமளவில் ஈடுபட்ட இத்தொழிலை இளையோர், பெற்றோரின் நிரையில், அதாவது ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசையில், பால் சேரும் மங்கு எனும் கிண்ணத்தைத் துடைத்தும் உடன்நின்றும் கற்றனர்.

தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள்சேர்த்து வந்து வேலையையும் மேற்பார்த்த கங்காணி மரத்தில் காயம் தேடினார்; காயமில்லாத பட்டை பெரும்பாலும் கணக்கில் ஏறவில்லை. கங்காணிவழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து கூலிக்காகப் போராடியது. ஆனால் கூலி, பாலின் எடையையும் ரப்பரின் விலையையும் சுற்றியே பேசப்பட்டது. ஒரு மரத்தின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுப் பயனைத் தம் கையில் வைத்திருந்தவர்களைத் திறன் வேண்டாத கூலிகள் என்று வகைப்படுத்தியது காலனிய நிர்வாகத்தின் பெரும் அநீதி.

பின்னர் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது, இத்திறனுக்குப் பெரும்பாலும் சான்றிதழ் இல்லாததால், வெளியேறியவர்கள் நகர வேலைகளில் புதியவர்களாகவே தொடங்க நேர்ந்தது. கத்தி பிடித்த தலைமுறை முதுமை எய்திவிட்டது; கத்தி தீட்டும் விதத்தையும் பட்டையின் பக்குவம் அறியும் முறையையும் அவர்கள் வாய்மொழியாகவே, செய்து காட்டும் காட்சியோடு, பேராவின் தமிழ்ப்பள்ளிகளும் ஆய்வாளர்களும் இப்போதே பதிவு செய்ய வேண்டும்.