கதை வகுப்பும் பட்ட வகுப்பும்

படைப்பிலக்கியம் கற்பித்து வருவதன்று, கருவிலே திருவுடையார்க்கே வாய்ப்பது என்னும் எண்ணம் நம்மவரிடை நெடுநாளாக ஊன்றியுள்ளது. மலாயாத் தமிழர் வரலாறோ இதற்கு மாறான சான்றொன்றை வைத்திருக்கின்றது. அச்சான்று தோன்றிய இடம் பல்கலைக்கழகமன்று, செய்தித்தாளே.

படைப்பெழுத்தை உயர்பட்டத்திற்குரிய பயிற்சியாக ஏற்றவற்றுள் முன்னிற்பது அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம். ஆய்வேட்டுக்கு ஈடாகப் படைப்பு நூலையும் ஏற்பதாக 1922-இல் அஃது அறிவித்தது. 1936-இல் எழுத்தாளர் பட்டறையை நிறுவியது. மாணவர் தம் எழுத்தை அவையில் வைப்பர். உடன் பயில்வோர் குணமும் குற்றமும் எடுத்துரைப்பர். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது 1970-இல்தான்.

பேராக் மாநிலமும் இவ்வகை முயற்சியைக் கண்டதுண்டு. தஞ்சோங் மாலிமில் 1922-இல் எழுந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரிக்கு, 1924-இல் மலாய் நூல்களை எழுதியும் மொழிபெயர்த்தும் வெளியிடும் அலுவலகம் கொண்டுவரப்பட்டது. அறிஞர் சஅபா அதில் பணிபுரிந்தார். அங்குப் பயின்று, பின் அங்கேயே கற்பித்த ஹருன் அமினுர்ரஷீத் மலாய் நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். ஆசிரியப் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் அமைந்ததன் பயன் அது.

தமிழர்க்கு அத்தகைய கல்லூரி வாய்க்கவில்லை. தோட்டப் பள்ளி தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடும். அதன்பின் விடியுமுன் பெரட்டும், பால்மரம் சீவும் கத்தியுமே பெரும்பாலோர்க்குக் காத்திருந்தன. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுடப்பட்டனர். அதையடுத்து அவசரகாலம் பிறந்தது. அந்நெருக்கடிக்கிடையே, 1950-இல், ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதையின் இலக்கணத்தைப் பாடமாக அச்சிட்டதோடு நில்லாமல், வாசகரை எழுதவைத்துத் தேர்வும் வைத்தனர். இதழ் சென்றெட்டிய இடமெல்லாம் வகுப்பறையாயிற்று. பின்னர் ‘தமிழ் முரசு’ ‘ரசனை வகுப்பு’ நடத்தியது. 1952-இல் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து இளம் எழுத்தாளர்க்கு வழிகாட்டினார்.

ஆசிரியர் சொல்வதால் மாணவன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரால் பெறுவது மற்றொரு கால். தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும் என்பது நன்னூலார் கொள்கை. அயோவாவின் பட்டறை முறை இதனின் வேறன்று. கதை வகுப்பும் வாசித்தோரை எழுதுவோராக்கியதால் பயன் தந்தது.

1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றிற்று. 1961-இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. ஆய்வு தழைத்தது; ஆயினும் புதுமை வெளியிலேயே முளைத்தது. 1964-இல் ‘தமிழ் முரசு’ வெளியிட்ட சி. கமலநாதனின் ‘கள்ள பார்ட்டுகள்’ இந்நாட்டின் முதற் புதுக்கவிதையாகக் கருதப்படுகின்றது. யாப்பில்லாதது கவிதையா என்ற வழக்கு அதன்பின் பல்லாண்டு நீடித்தது. 1986-இல் தொடங்கிய ‘பேரவைக் கதைகள்’ போட்டி பல்கலைக்கழகத்திற்கும் படைப்புக்கும் உறவு சமைத்தது. எனினும் போட்டி வேறு, பயிற்சி வேறு.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1924-இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. பெரட்டுக் களத்தையும் லயத்து வாழ்வையும் கண்ணாரக் கண்டோர் முதுமையடைந்துவிட்டனர். அவ்வாழ்வைக் கணக்கிட்டுக் காட்ட ஆய்வேடு போதும். உயிரோடு காட்டப் படைப்பு வேண்டும். செக்ரோல் ஏடு, ஊருக்கு எழுதிய கடிதம், முதியோர் வாய்மொழி ஆகியவற்றைக் கோத்து இதுவரை இல்லாத வடிவில் நாவலொன்று எழுதும் மாணவர்க்கு, அந்நாவலே முதுகலைப் பட்டத்திற்குத் தகுதியாக வேண்டும். அதன் ஆக்கத்தை விளக்கும் கட்டுரையொன்று உடன் இருந்தால் போதும்.

தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு இன்று தமிழும் கற்பிக்கப்படுகின்றது. மலாய் எழுத்தை வளர்த்த அந்நிலத்தில் தமிழ்க் கதை வகுப்பும் பட்ட வகுப்பாக அமையுமாயின், 1950-இல் செய்தித்தாள் தொடங்கிய பணி நிறைவெய்தும்.