மூளைப் படத்தில் தெரிவது யாருடைய மூளை?

பச்சை மையால் "சிவப்பு" என்று எழுதுங்கள். நீல மையால் "மஞ்சள்" என்று எழுதுங்கள். இப்படியே ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டு, சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறும். வாசித்துப் பழகியவர்களுக்குச் சொல்தான் முந்திக்கொண்டு வரும். அதை அடக்கினால்தான் நிறத்தைச் சொல்லலாம்.

பழக்கத்தை அடக்குவது, தேவையானதை மனதில் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. இவற்றைச் சேர்த்துத்தான் உளவியலில் நிறைவேற்றுத் தொழிற்பாடு என்கிறார்கள்.

இந்தச் சோதனையை 1935இல் வெளியிட்டவர் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஆசிரியர்களுக்கான ஒரு கல்லூரியில் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு அது. 100 சதுரங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 செக்கன் போதுமாக இருந்தது. முரணான சொற்களின் மை நிறத்தைச் சொல்லவோ 110 செக்கன் பிடித்தது. இதைக் கண்டுபிடிக்க அச்சிட்ட தாளும் கடிகாரமுமே போதுமாயின.

மேலதிகமான அந்த 47 செக்கனில் மூளைக்குள் என்ன நடக்கிறது? இதற்கு விடை தேடப் பல தசாப்தங்கள் எடுத்தன.

1940களில் சீமோர் கெற்றி நைட்ரஸ் ஒட்சைட்டைச் சுவாசிக்கவைத்து, முழு மூளைக்கும் போகும் இரத்தத்தை அளக்க வழி கண்டார். 1955இல் லூயிஸ் சொகொலொஃப் அவருடன் சேர்ந்து, மனக்கணக்குச் செய்பவர்களை அளந்து பார்த்தார். முழு மூளையின் ஒட்சிசன் பாவனை மாறவேயில்லை! எனவே பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டியிருந்தது. டென்மார்க்கில் நீல்ஸ் லாசனும் சுவீடனில் டேவிட் இங்வாரும் கதிர்வீசும் செனன் வாயுவைக் கொண்டு அதைச் செய்தார்கள்.

1990இல் சென் லூயிஸ் நகரின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஸ்ட்ரூப்பின் சோதனையைச் செய்பவர்களை பெட் ஸ்கேனரில் பார்த்தார்கள். இரு மூளை அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவில், முன்பக்கமாக ஒரு பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. அதே ஆண்டில் செய்ஜி ஒகாவா, ஒட்சிசனை இழந்த இரத்தத்தின் காந்த இயல்பு மாறுவதை எம்.ஆர்.ஐ. மூலம் படமாக்கலாம் என்று காட்டினார். 1992இல் அம்முறை மனிதரிடம் வேலை செய்வது தெரிந்தது. கதிர்வீசும் ஊசி தேவையில்லை என்பதால் ஆய்வுகள் பெருகின.

இங்கேதான் நாங்கள் நிதானிக்க வேண்டும். செயலமர்வுகளின் திரையில் சிவப்பாக ஒளிரும் அந்த மூளையில் உண்மையில் எதுவும் ஒளிர்வதில்லை. கஷ்டமான வேலையின்போது கிடைத்த அளவிலிருந்து இலகுவான வேலையின் அளவைக் கழித்து, மிஞ்சியதற்கு நிறம் பூசுகிறார்கள். பெரும்பாலும் அது பலருடைய மூளைகளின் சராசரி. அந்தப் படம் தனியொருவருடையதல்ல.

2020இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மெக்ஸ்வெல் எலியட்டும் சகாக்களும் இப்படியான வேலைகளை வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்த 90 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தால் ஒரே மாதிரி வருமா என்பதே கேள்வி. முழு நம்பகத்தன்மைக்கு 1 என்றால், கிடைத்த சராசரி 0.397.

ஆசிரியர்களுக்கு இதன் காரணம் இலகுவாக விளங்கும். வகுப்பில் எல்லோரும் சரியாக எழுதும் வினாவை வைத்து மாணவர்களை வரிசைப்படுத்த முடியுமா? ஸ்ட்ரூப்பின் சோதனையில் கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறுகிறார்கள். மனித மூளைக்குப் பொதுவான ஒன்றை அறிய அதனால்தான் அது அருமையான கருவி. ஆளுக்கு ஆள் தரம் பிரிக்க அது பலவீனமான கருவியாக இருப்பதும் அதே காரணத்தால்தான்.

கட்டியையும் இரத்தக்கசிவையும் காட்டும் வைத்தியசாலை ஸ்கேன் வேறு விஷயம். அது உயிரைக் காக்கிறது. ஆனால் வேலையில் கவனம் சிதறும் ஒருவரைப் பார்த்து, "அவருடைய முன்மூளை அப்படித்தான், இனித் திருந்தாது" என்று ஒரு நிறப்படத்தைக் காட்டித் தீர்ப்புச் சொல்ல இந்த விஞ்ஞானம் யாருக்கும் அனுமதி தரவில்லை. அப்படி யாராவது படம் காட்டினால் மூன்றே கேள்விகள் கேட்போம். எந்த வேலையிலிருந்து எதைக் கழித்தீர்கள்? எத்தனை பேரின் சராசரி இது? இதே ஆளை மறுபடியும் அளந்து பார்த்தீர்களா?